ஏறவும் இறங்கவும் ஏற்ற ஸ்கீ

வடபுலத்து மலைநாடுகளிற் குளிர்காலத்து உறைபனி நிலத்தை மூடியபின், மக்கள் காலிற் பூட்டிக்கொண்டு சறுக்கிச் செல்லும் நீண்ட பலகைக்கு ஸ்கீ என்று பெயர். நார்வே நாட்டின் பழைய மொழியில் இச்சொற்குப் பிளந்த மரத்துண்டு என்பது பொருள். அந்நாட்டார் இன்றும் இதனை 'ஷீ' என ஒலிப்பர். சொல்லாராய்ச்சியிற் புகுந்தால் மீளுதல் எம்மனோர்க்கு அரிதாதலின், அதனை இம்மட்டில் விடுத்துப் பொருளுக்கு வருவோம். வெயிலிற் பிறந்து வெயிலில் வளர்ந்தார்க்கு ஸ்கீயைப் பற்றிய ஆராய்ச்சி எற்றுக்கு என வினவுவாரும் உளராவர். நம்மவருட் பலர் இன்று சுவிட்சர்லாந்திலும் நார்வேயிலும் கனடாவிலும் குடியேறி வாழ்கின்றனர். அவர்தம் மக்களுக்கு ஸ்கீ புதியதன்று. அன்றியும் நம் இந்தியாவிலேயே, காஷ்மீரத்துக் குல்மார்க்கில், 4,000 மீட்டருக்குச் சற்றே குறைந்த உயரம்வரை ரோப்கார் என்னும் கம்பிவண்டி ஏறுகின்றது. அங்கிருந்து சறுக்கி இறங்குதற்கென்றே அயல்நாட்டார் தேடி வருகின்றனர். ஆதலின் இஃது அறவே அயலான பொருளன்று.

தொடக்கநிலையில் உள்ளவர்க்குப் பலகை தேர்தல் அத்துணைக் கடினமன்று. இயந்திரத்தால் அழுத்திச் சமனாக்கிய பாதையில், எளிதில் வளையும் குட்டைப் பலகையொன்று அவர்க்குப் போதும். இடர்ப்பாடு தோன்றுவது தேர்ச்சி பெற்ற பின்னரே. தேர்ந்தவர் அப்பாதையை விட்டு விலகி, எவரும் தடம் பதியாத மலைப்பக்கத்தை நாடுவர். அவருள் ஒரு சாரார் கம்பிவண்டியில் உச்சிக்கு ஏறி, மலை தன் இயல்பிற் கிடக்கும் பக்கமாகச் சறுக்கி இறங்குவர். இதற்கு ஃப்ரீரைடு என்று பெயர். மற்றொரு சாரார் இயந்திரத்தின் துணையை வேண்டாது, ஸ்கீயைக் காலிற் பூட்டியவாறே மலைமீது நடந்தேறிப் பின்னர் இறங்குவர். இதற்கு டூரிங் என்று பெயர். முன்னதற்கு வேண்டுவது அகன்ற, கனத்த, விறைப்பான பலகை. பின்னதற்கு வேண்டுவது ஒடுங்கிய, இலேசான பலகை. இவ்விரண்டினையும் ஒரே பலகையிற் பெற விழைவார் இன்று பலர். அவ்விழைவு எவ்வளவிற்கு நிறைவேறும், எங்கே பொய்க்கும் என்பதே யாம் ஈண்டு ஆராயப் புகுந்தது.

எம் கருத்தை முன்னரே கூறிவிடுகின்றோம். இறங்கும் இன்பத்தைக் கனவு கண்டு பலகை தேர்வார் பெரும்பாலும் பிழைபடுவர். ஒரு பருவத்தில் தாம் மெய்யாகவே எத்துணை மீட்டர் காலால் ஏறுகின்றோம், அவ்வாறு ஏறிய பின் எவ்வகைப் பனியில் இறங்குகின்றோம் என எண்ணிப் பார்த்தே தேர்தல் வேண்டும்.

பலகையின் அளவுகளுள் முதற்கண் நோக்கத்தக்கது இடை. மேலிருந்து காணுங்கால் ஸ்கீ முனையில் அகன்று, நடுவிற் சிறுத்து, வாலில் மீண்டும் அகலும். பூட்ஸ் நிற்கும் அந்நடுப்பகுதியின் அகலமே இடை எனப்படும். அதனை மில்லிமீட்டரிற் கூறுதல் வழக்கு. அழுத்திய பாதைக்குரிய பலகைகளின் இடை பெரும்பாலும் 65 முதல் 80 வரை இருக்கும்; டூரிங் பலகைகளுக்கு 80 முதல் 95 வரை; ஃப்ரீரைடு பலகைகளுக்கு 100 முதல் 120 வரை. அகன்ற பலகை ஆழ்ந்த பொடிப்பனியில் அமிழாது மிதக்கும்.

இன்று இது சிறுவரும் அறிந்த செய்தி. ஆயினும் முன்னாளில் வல்லுநர் அனைவரும் ஒடுங்கிய பலகையையே பெருமையாகக் கொண்டிருந்தனர். ஆஸ்திரிய நாட்டு அட்டாமிக் நிறுவனத்தைச் சார்ந்த ரூபர்ட் ஹூபர் என்பார் 1980களின் பிற்பகுதியிற் பருத்த பலகையொன்றை ஆக்கியபோது, அது முதியோர்க்கும் வலிமை குன்றியோர்க்கும் உரியதென எள்ளினாரும் இருந்தனர். பின்னர் ஷேன் மக்கான்கி என்னும் ஸ்கீ வீரர், ஆழ்ந்த பனி நீரை ஒத்ததாகலின் நீர்ச்சறுக்குப் பலகையின் வடிவே அதற்கு ஏற்றது எனத் துணிந்தார். நீர்ச்சறுக்குப் பலகைகளிற் பிணைப்பைப் பூட்டி அலாஸ்காவின் மலையில் இறங்கியும் காட்டினார். அவர் எண்ணத்தின்படி 2002-இல் வோலன்ட் நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பாட்டுலா' என்னும் பலகை, நடுவில் அகன்று இருமுனையும் மேல்நோக்கி வளைந்து, அதுகாறும் இருந்த ஸ்கீயைத் தலைகீழாக்கியது போன்றிருந்தது. கண்டார் நகைத்தனர். சில ஆண்டுகளில் ஏறக்குறைய எல்லா நிறுவனத்தாரும் அதன் வளைவை ஏதேனும் ஒரு வகையில் தழுவிக்கொண்டனர்.

அவ்வளைவினை ராக்கர் என்பர். ஆடுநாற்காலியின் அடிக்கட்டை போல முனை முன்னரே மேலெழுந்து நிற்றலே அது. இதற்கு மறுதலையானது கேம்பர்: பலகையைத் தரையில் வைத்தால் நடுப்பகுதி வில்போல உயர்ந்து நிற்கும், மேலே ஒருவர் நின்றவழி அவ்வில் அமர்ந்து, விளிம்பு முழுவதும் பனியைப் பற்றும். ராக்கர் மிதப்பைத் தரும். கேம்பர் பிடிப்பைத் தரும். இருவகைத் தொழிலையும் வேண்டுவார்க்கு முனையில் அளவான ராக்கரும், காலடியிற் கேம்பரும், ஏறக்குறைய நேரான வாலும் உடைய பலகையே தக்கது. முனையும் வாலும் மிகுதியாக எழுந்த பலகை ஏறுங்கால் இடர் தரும். ஏனெனில் அடிப்புறம் பனியைத் தொடும் நீளம் குறைய, பிடிப்பும் குறையும். வால் நேராக இருப்பின் ஓய்வுகொள்ளும் இடத்திற் பலகையைப் பனியில் ஊன்றி நிறுத்தவும் எளிதாம்.

நிற்க. பனி என்றோம், எவ்வகைப் பனி? நம் மொழியிற் புல்நுனியில் நிற்பதும் பனி, இமயத்தை மூடிக் கிடப்பதும் பனி. ஆல்ப்ஸ் மலையில் ஒரே நாளில் ஓர் இறக்கத்திலேயே நால்வகைப் பனியைக் காணலாம். வடபுறச் சரிவிற் பொடிப்பனி நொய்தாய்க் கிடக்கும். முகட்டருகே காற்று அதனை அடித்து இறுக்கி வைத்திருக்கும். தென்புறத்தில் முதல்நாள் வெயிலில் உருகி இரவில் உறைந்தது பொருக்குப் பனியாகும். அப்பொருக்கு ஆளைத் தாங்குவது போலத் தோற்றி, நடுவில் உடைந்து காலை வாங்கும். பிற்பகலிற் பள்ளத்தாக்கிற் பனி கூழாகிவிடும். ஃப்ரீரைடு செல்வோர் பொடிப்பனி பெய்த நாளைத் தேர்ந்து கம்பிவண்டியேறுவர். டூரிங் செல்வோர்க்கு அவ்வுரிமை குறைவு. பிரான்சின் ஷாமோனியிலிருந்து சுவிட்சர்லாந்தின் ஸெர்மாட் வரை ஏறத்தாழ ஒரு வாரம் நடந்து செல்லும் 'ஓத் ரூத்' என்னும் புகழ்பெற்ற வழியிற் புறப்பட்டவர், அன்றன்று எதிர்ப்படும் பனியிற் சென்றே ஆதல் வேண்டும். அவ்வழியிற் காலைநேரத்து இறுகிய சரிவைக் குறுக்கே கடக்குங்கால் 110 மி.மீ. இடையுடைய பலகை பெருந்துன்பம் தரும். விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டினின்று விலகியிருத்தலின், அது நெம்புகோல் போலக் கணுக்காலையும் முழங்காலையும் திருகும். ஜப்பானின் ஹொக்கைடோவில் உலர்ந்த பனி மிகுதியாகப் பொழியும் காட்டுச்சரிவுகளுக்கு அப்பலகையே சிறந்தது. ஒரே பலகை, இடம் மாறியது.

இனி எடையைக் காண்போம். ஸ்கீ வாங்குவோர் மிகுதியும் வழக்கிடுவது இதன்கண்ணேயாம். டூரிங் பலகை ஒன்று ஏறத்தாழ 1,100 முதல் 1,400 கிராம் வரை இருக்கும். முழு ஃப்ரீரைடு பலகை 2,000 கிராமும் அதற்கு மேலும் நிறுக்கும். விலைப்பட்டிகளிற் சிலர் ஒற்றைப் பலகையின் எடையையும், சிலர் இணையின் எடையையும் குறிப்பர். இதனைக் கேட்டறியாது மகிழ்ந்தவரும் வருந்தியவரும் உண்டு. முதுகிற் சுமப்பதைக் காட்டிலும் காலிற் சுமப்பது ஏறத்தாழ 5 மடங்கு உழைப்பைக் கொள்ளும் என்பது படைவீரரின் காலணியை ஆராய்ந்தோர் கண்ட முடிபு. ஒரு சிறு கணக்கிட்டுப் பார்ப்போம். ஒருவர் 1,200 மீட்டர் உயரம் ஏறுகின்றார் என்க. வளைந்து வளைந்து செல்லும் தடத்தின் சராசரிச் சாய்வு 12 பாகையாயின், அவர் நடக்கும் தொலைவு 5,700 மீட்டருக்கு மேற்படும். அடிக்கு 60 சென்டிமீட்டர் வீதம் கொண்டால் 9,600 அடிகள். ஒவ்வொரு காலுக்கும் 4,800. பலகை 500 கிராம் மிகுதியாயின், ஒரு பொழுதில் ஒவ்வொரு காலும் மொத்தம் 2,400 கிலோகிராமை வீணே முன்தள்ளியதாகும். ஸ்கீயைத் தூக்குவதில்லை, இழுத்தே செல்வர் என்பது உண்மையே; ஆயினும் உச்சியில் நிற்குங்கால் தொடை நடுங்குவதும் உண்மை. நடுங்கும் தொடையுடன் இறங்குவார்க்கு எத்துணைச் சிறந்த பலகையும் சிறப்பன்று.

இவ்வாறாயின் மிக இலேசானதையே கொள்வோம் என்பார்க்கு விடை வருமாறு. எடை ஏறும்போது பகை. இறங்கும்போது அதுவே நட்பு. கனத்த பலகை கரடுமுரடான பனியை ஊடறுத்துச் செல்லும். இலேசான பலகை ஒவ்வொரு மேட்டிலும் துள்ளித் துடிக்கும். தேர்ந்தவர் விரைவு மிக்கவராதலின் இவ்வேறுபாட்டைப் புதியவரினும் கடுமையாக உணர்வர். கம்பிவண்டியில் ஏறிக் கனத்த பலகையிற் பழகிய வல்லுநரே, முதன்முதல் டூரிங் பலகை பூட்டிய நாளிற் பொருக்குப் பனியில் விழுவர். பழகிய விரைவைக் குறைக்க அவர் மனம் ஒருப்படுவதில்லை.

பலகையின் உள்ளீடும் இதன்பாற்பட்டதே. உள்ளே இருப்பது இன்றும் மரந்தான். பாப்லர், பீச், ஆஷ் முதலியன வலிமையும் கனமும் தருவன. பாலோனியாவும் பால்சாவும் எடை குறைப்பன. மரத்தின்மேற் கண்ணாடியிழையும், எடை குறைத்து விறைப்பு மிகுக்கக் கார்பன் இழையும் பொதிவர். கார்பன் விறைப்பைத் தருமேயன்றி அதிர்வை அடக்காது. அதிர்வை அடக்குதற்கு டைட்டனல் என்னும் மெல்லிய உலோகத்தகட்டினை இடுவர். பெயரைக் கண்டு டைட்டானியம் என மயங்குவார் பலர். அஃது அலுமினியக் கலப்புலோகமேயாம். காலடியில் மட்டும் டைட்டனல் இட்டு, 1,500 முதல் 1,700 கிராமுக்குள் அமைத்த பலகைகள் இந்நாளிற் கிடைக்கின்றன. ஏறுதலும் இறங்குதலும் ஒப்ப விரும்புவார்க்கு இவ்வகையே பொருந்தும் என்பது எம் துணிபு.

நீளத்தைப் பற்றி மிக விரித்தல் வேண்டா. ஃப்ரீரைடுக்குத் தம் உயரத்தளவோ அதற்குச் சற்று மிகுதியோ கொள்வர். டூரிங்கிற்கு 5 முதல் 10 சென்டிமீட்டர் குறைத்துக் கொள்வர். செங்குத்தான தடத்தில் முன்னோக்கி நின்றவாறே காலை உயர்த்திப் பலகையை மறுபுறம் திருப்ப வேண்டும். நீண்ட பலகை அப்போது பனியிற் சிக்கும். மலை ஏறுவோர் வழியில் இவ்வாறு பத்தும் நூறும் திருப்புவராதலின் இது சிறு செய்தியன்று.

இனிப் பிணைப்பு. பலகையை நுணுகி ஆராய்ந்து வாங்கிப் பிணைப்பைக் கடைசியிற் கைக்கு வந்தபடி கொள்வாருண்டு. எம் கருத்திற் பிணைப்பே பெரிது. டெலிமார்க் பகுதியினரான சோண்ட்ரே நோர்ஹைம், பத்தொன்பதாம் நூற்றாண்டில், முறுக்கிய மரக்கொடியாற் குதிகாலைச் சுற்றிக் கட்டியபோதுதான் ஸ்கீயைக் காலின் ஏவல்வழி திருப்ப இயன்றது. அன்று கால் கழலாமல் இருக்க வேண்டும் என்பதே கவலை. இன்று வேண்டியபோது கழலவேண்டும் என்பதும் கவலையாயிற்று. விழுங்கால் பலகை திருகினால், குறித்த விசைக்கு மேல் பிணைப்புத் தானே விடல் வேண்டும். அன்றேல் முழங்காற் பிணையம் அறும், கால் எலும்பு முறியும். மேலே கூறிய மக்கான்கி, 2009-இல் இத்தாலியின் டோலமைட் மலையிற் பாறைமுகட்டினின்று ஸ்கீயுடன் பாய்ந்து, இடைவழியிற் பலகைகளைக் கழற்றிவிட்டுப் பாராசூட் விரிக்க முயன்றபோது, அவை உரிய நேரத்திற் கழலாமையால் உயிர் நீத்தார். அவர் செயல் மிகச் சிலரே செய்வது. ஆயினும் கழலுதல் எத்துணை இன்றியமையாதது என்பதற்கு அது சான்று.

டூரிங் பிணைப்பிற் குதிகால் ஏறுங்கால் எழவும், இறங்குங்கால் இறுகவும் வேண்டும். ஆஸ்திரியாவின் டைரோலைச் சார்ந்த ஃப்ரிட்ஸ் பார்தெல் என்பார், கனத்த கருவிகளுடன் மலையேறிச் சலித்து, 1980களில் ஒரு புதுமை கண்டார். பூட்ஸின் முனையில் இருபுறமும் சிறு குழிகள். அவற்றை இரு முள்கள் பற்றும். குதிகாலில் மேலும் இரு முள்கள். பிணைப்பின் அடித்தகடே ஒழிந்தது. டைனாஃபிட் நிறுவனம் உலகெங்கும் பரப்பிய இம்முள் பிணைப்பு ஒவ்வொன்றும் 300 கிராம் அளவினதாகவும் கிடைக்கும். ஆயின் அதிர்ச்சியைத் தாங்கி மீண்டும் நடுவுக்கு வரும் நெகிழ்ச்சி, கம்பிவண்டிச் சரிவுகளுக்குரிய பிணைப்பில் உள்ளதுபோல் இதில் இராது. அக்குறையை நீக்க, ஏறுங்கால் முள்ளும் இறங்குங்கால் முழுப்பிடியும் ஆகும் இருநிலைப் பிணைப்பைச் சாலமன் நிறுவனம் 'ஷிஃப்ட்' என்னும் பெயரால் 2018-இல் வெளியிட்டது. அதன் எடை ஒன்றுக்கு ஏறத்தாழ 900 கிராம். பலகையில் 300 கிராம் குறைக்கப் பொருள் செலவிட்டுப் பிணைப்பில் 600 கிராம் கூட்டுவாரை என்னென்பது! பாறைமுகட்டிலிருந்து குதிப்பவர்க்கும், பெரும்பகுதி கம்பிவண்டியில் ஏறுவார்க்கும் அது தகும். ஆண்டு முழுவதும் காலால் ஏறுவார்க்கு முள்ளே போதும். கழலும் விசையின் எண்ணை எடை, உயரம், அகவை, பூட்ஸின் அடிநீளம், சறுக்கும் முறை ஆகியவற்றைக் கொண்டு கடையிலுள்ள தொழிலாளர் குறிப்பர். தம் தேர்ச்சியைக் காட்டுதற்கு அவ்வெண்ணைத் தாமே உயர்த்திக்கொள்ளுதல் அறிவன்று. பூட்ஸின் அடி எவ்வகையினது என்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். எல்லாப் பூட்ஸும் எல்லாப் பிணைப்பிலும் பொருந்தா.

இவையனைத்தினும் வலியது ஒன்றுண்டு, அது பனிச்சரிவு. 30 பாகை முதல் 45 பாகை வரை சாய்ந்த இடங்களே ஸ்கீயாளர் விரும்புவன. பெரும்பாலான பனிச்சரிவுகள் எழுவதும் அவ்விடங்களிலேதான். அதிற் சிக்கியவருள் மிகப் பலர் தாமோ தம் குழுவினரோ அதனை எழுப்பியவராவர். முழுதும் புதையுண்டார் உயிர்தப்பும் வாய்ப்பு ஏறக்குறைய 10 நிமிடங்கள் கழிந்தபின் விரைந்து குறைகின்றது. ஆகவே வெளியூரிலிருந்து மீட்புப் படை வரும்வரை காத்தல் இயலாது. குழுவில் ஒவ்வொருவரும் குறிகாட்டும் ரேடியோக் கருவியும், பனியைத் துழாவும் நீண்ட கம்பியும், மண்வெட்டி போன்ற கைவாரியும் உடையராதல் வேண்டும். ஆல்ப்ஸ் மலைக்கேற்ற ஸ்கீ முறையை வகுத்தவர்களுள் முதல்வரான மத்தியாஸ் ஸ்தார்ஸ்கி என்பார், 1916-இற் போர்க்காலத்திற் பனிச்சரிவில் அகப்பட்டு, உடலில் ஏறத்தாழ 80 இடங்களில் எலும்பு முறிந்தும் மூட்டு விலகியும் உயிர்பிழைத்தார். மலையை அவரினும் நன்கறிந்தார் அந்நாளில் அரியர். ஏறுங்கால் முள் பிணைப்பின் முன்பகுதியைக் கழலாதபடி பூட்டுதல் வழக்கம். அந்நிலையிற் சரிவு வந்தால் பலகை நங்கூரம் போல் ஆளைக் கீழிழுக்கும். எனவே ஏறும் வழியைத் தெரிதலும், சுவிட்சர்லாந்தின் டாவோஸில் உள்ள பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் போன்றன நாள்தோறும் 5 படிகளில் வெளியிடும் எச்சரிக்கையைப் படித்தலும் பலகையின் அகலத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு முற்பட்டன.

இனி ஒருவரை எடுத்துக்கொள்வோம். 75 கிலோகிராம் எடையும் 178 சென்டிமீட்டர் உயரமும் உடையவர். ஆல்ப்ஸ் மலையருகே வாழ்பவர். வன்பனியிலும் மென்பனியிலும் தேர்ந்தவர். பருவத்தில் இருபது நாள் சறுக்குகின்றார். அவற்றுட் பதினான்கு நாள் காலால் ஏறுகின்றார். அவர்க்கு யாம் கூறுவது: இடை 95-ஐ ஒட்டி, நீளம் 175-ஐ ஒட்டி, எடை 1,500 கிராமுக்கு அண்மையில், காலடியில் டைட்டனல், முனையில் மட்டும் ராக்கர், தடையுடன் கூடிய முள் பிணைப்பு. அவரே பதினான்கு நாள் கம்பிவண்டியிலும் ஆறு நாள் காலாலும் ஏறுவாராயின், இடை 105, எடை 1,800, இருநிலைப் பிணைப்பு. குல்மார்க்குச் செல்வாரும் இப்பின்னைய வகையினரே. கம்பிவண்டி விட்ட இடத்திலிருந்து முகட்டின்மேற் சிறிது தொலைவு நடந்து, மிகுதியெல்லாம் இறங்குவர்.

ஏறுதற்கு அடிப்புறத்தில் ஒட்டும் தோற்பட்டையையும் அன்றே வாங்கிவிடுதல் நலம். முன்னாளிற் கடல்நாய்த் தோல் இதற்குப் பயன்பட்டது. மயிர் பின்னோக்கிக் கிடத்தலின் பலகை முன்னே வழுக்கும், பின்னே வழுக்காது. இன்று அங்கோரா ஆட்டு மயிரான மொஹேரும் நைலானும் கொண்டு நெய்கின்றனர். மொஹேர் நன்கு வழுக்கும், விரைவில் தேயும். நைலான் நன்கு பற்றும், நெடுநாள் உழைக்கும். இரண்டும் கலந்ததை எடுத்து, பலகையின் வடிவிற்கு வெட்டி, இருபுறமும் உருக்கு விளிம்பு மட்டும் வெளித்தெரிய விடுதல் வேண்டும். விளிம்பையும் மூடிவிட்டால் இறுகிய சரிவில் அது பனியைக் கடியாது. மிகுதியாக வெட்டிவிட்டால் திரும்ப ஒட்டவைக்க வழியில்லை.